அம்மாவிடம் பேரம், பிள்ளைக்கு டாலர்

கம்போடியா போகிறோம் என்றதும், ஏற்கெனவே போய் வந்த சொந்தக்காரர்கள் சொன்ன முதல் யோசனை, ஒரு டாலர் நோட்டுகளாக நிறைய மாற்றி வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். "கோயில் வாசல்ல புள்ளைங்க சுத்திக்கும். குடுத்தாத்தான் விடும்." தொப்பி, குடை, கொசு மருந்து என்ற பட்டியலில் அதுவும் ஒன்று. அந்தக் குழந்தைகளைப் பற்றி அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அங்கோர் வாட் கோயிலைப் பற்றித் தமிழில் நிறைய எழுதியாகிவிட்டது. எங்கள் பஸ்ஸிலும் கட்டியது பல்லவனா சோழனா என்று பெரிய விவாதம் ஓடியது. இரண்டாம் சூரியவர்மன் என்ற கெமர் அரசன் 12ஆம் நூற்றாண்டில் கட்டியது என்று வழிகாட்டி பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த விவாதம் இங்கே வேண்டாம்.

அங்கோரிலேயே இன்னொரு பழைய கோயிலான தா புரோம் வாசலில் இறங்கியபோது காலை பத்து மணி இருக்கும். ஆறேழு வயதுச் சிறுமி ஒருத்தி பிளாஸ்டிக் கூடையில் போஸ்ட் கார்டு, காந்த பொம்மை, நூல் வளையல் எல்லாம் வைத்துக்கொண்டு எங்கள் கூடவே நடந்தாள். "பத்து கார்டு ஒரு டாலர், மேடம்." ஆங்கிலத்தில் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணினாள். அப்புறம் கொரிய மொழியில், சீனத்தில். எந்த ஊர் என்று கேட்டாள். இந்தியா என்றதும் "நியூ டெல்லி! நமஸ்தே!" என்றாள். நாங்கள் வாங்கவில்லை என்று தெரிந்ததும் குரல் அப்படியே மாறி, "பசிக்குது, ஒரு டாலர்" என்று கையை நீட்டினாள்.

பெரியம்மா உடனே பர்ஸைத் திறந்துவிட்டார். நான் கையைப் பிடித்தேன்.

"பச்சப்புள்ள கேக்குது. ஒரு டாலர்ல நாம என்ன கொறைஞ்சு போயிருவோம் கண்ணு?"

நாம் குறைந்துபோக மாட்டோம்தான். கேட்ட குழந்தைக்கு இல்லை என்று சொல்வது நம் வளர்ப்பிலேயே கிடையாது. பெரியம்மாவின் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊருக்குத் திரும்பிய பின்னும் அதற்கு முழுதாகப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

பதிலின் பாதியை எங்கள் டுக்-டுக் (நம்மூர் ஆட்டோ மாதிரி) ஓட்டுநர் சொன்னார். அவருக்கும் பள்ளி போகும் பிள்ளைகள் உண்டு. அங்கே அரசுப் பள்ளிகள் பலவும் இரண்டு ஷிஃப்டாக நடக்கின்றன. காலை வகுப்பில் பாதிப் பிள்ளைகள், மதிய வகுப்பில் மீதிப் பிள்ளைகள். அதனால் காலை பத்து மணிக்கு ஒரு குழந்தை கோயில் வாசலில் நிற்பதைப் பார்த்ததுமே அது படிக்கவில்லை என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் அரை நாள் என்று தொடங்குவது அப்படியே நிற்பதில்லை என்றார். காலையில் நல்ல வியாபாரம் ஆனால் மதியமும் நிற்கச் சொல்வார்கள். சீசன் சமயத்தில் வாரக்கணக்கில் பள்ளி போகாது. அப்புறம் பின்தங்கிவிட்டது என்று பெயர் வரும், அதோடு நின்றுவிடும்.

அவர் சொன்ன இன்னொன்று எனக்குப் புதிது. இந்த வியாபாரத்தில் வயது ஏற ஏற வருமானம் இறங்கும். ஐந்து, ஆறு வயதில் கேட்டதும் கிடைக்கும். பத்து வயதில் பாதி. பதிமூன்று, பதினான்கு வயதுப் பையன் கையை நீட்டினால் அதே வெளிநாட்டுக்காரர் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். அந்த வயதில் அவனிடம் படிப்பும் இருக்காது, கைத்தொழிலும் இருக்காது. அப்போது வீட்டில் அடுத்த தம்பியோ தங்கையோ கூடையைத் தூக்கும்.

நான் திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்ப்பவள். அதனால் கை தானாகக் கணக்குப் போட்டது. கம்போடியாவில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைத் தொழிலாளிக்கு 2024இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 204 டாலர். இருபத்தாறு நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு எட்டு டாலர் கூட இல்லை. ஓவர்டைம் தனி. நம்மூர்த் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் அக்காவைப் போல நாள் முழுக்கத் தைத்தால் அது கிடைக்கும். கோயில் வாசலில் நிற்கும் ஆறு வயதுச் சிறுமிக்கு எட்டுப் பேர் ஆளுக்கு ஒரு டாலர் கொடுத்தால் அதே பணம். ஒரு சுற்றுலா பஸ்ஸில் நாற்பது பேர் வருகிறோம்.

இந்தக் கணக்கை அந்தக் குடும்பமும் போடத்தான் செய்யும். பெற்றோர் கல் நெஞ்சக்காரர்கள் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. ஏனென்றால் அன்று மத்தியானமே இன்னொரு காட்சியும் பார்த்தேன்.

கோயிலை ஒட்டிய கடை வரிசையில் ஒரு பெண் க்ரமா விற்றுக்கொண்டிருந்தார். கட்டம் போட்ட பருத்தித் துண்டு, கம்போடியர்கள் தலையில் கட்ட, தோளில் போட, குழந்தையைத் தூளி கட்ட, எல்லாவற்றுக்கும் வைத்திருப்பது. ஐந்து டாலர் சொன்னார். எங்கள் குழுவில் ஒருவர் இரண்டு டாலருக்குக் கேட்டார். அந்தப் பெண் நான்கு என்றார், மூன்றரை என்றார், கடைசியில் மூன்றுக்கு இறங்கி வந்தார். வாங்கியவருக்கு நல்ல திருப்தி. அவரே சற்று முன்பு கார்டு விற்ற சிறுமிக்கு, கார்டு வேண்டாம் வைத்துக்கொள் என்று இரண்டு டாலர் கொடுத்திருந்தார். மனிதர் நல்லவர். ஊரில் பள்ளிக்கூடத்துக்கு மேசை நாற்காலி வாங்கிக் கொடுத்தவர்.

ஆனால் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். உழைத்து விற்கும் அம்மாவிடம் இரண்டு டாலரைப் பிடுங்கி, கையேந்தும் குழந்தைக்கு அதே இரண்டு டாலரைக் கொடுத்தோம். உங்கள் வீட்டில் யார் சம்பாதிக்க வேண்டும் என்று நாம்தான் அவர்களுக்குச் சொல்லிவிட்டு வருகிறோம். அம்மாவின் பொருளுக்கு மதிப்பில்லை, குழந்தையின் முகத்துக்குத்தான் மதிப்பு என்றால், எந்தக் குடும்பமும் குழந்தையைத்தான் முன்னால் நிறுத்தும்.

அதனால்தான் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள் என்ற அறிவுரை மட்டும் எனக்குப் போதவில்லை. அங்கோருக்குப் பக்கத்து நகரமான சியெம் ரீப்பில் அந்த அறிவுரையைப் பல ஓட்டல்களில் ஒட்டியிருக்கிறார்கள். சரியான அறிவுரைதான். ஆனால் அதைப் படித்துவிட்டு, பர்ஸை மூடி, மனசாட்சியும் உறுத்தாமல் போய்விடலாம் என்று நினைத்தால் அந்தக் குடும்பத்துக்கு என்ன மிச்சம்? குழந்தைக்கு மூடிய பர்ஸை அதன் அம்மாவுக்கு, அக்காவுக்கு, அப்பாவுக்குத் திறக்க வேண்டும். சொன்ன விலைக்கு ஒரு துண்டு, ஒரு இளநீர், மதியச் சாப்பாடு, ஒரு நாள் முழுக்க டுக்-டுக். பேரம் பேசுவது நமக்கு ஊறிப்போன பழக்கம், தெரியும். ஐந்து டாலர் துண்டில் அதைக் காட்ட வேண்டியதில்லை.

மாலையில் சியெம் ரீப்பின் பப் ஸ்ட்ரீட் என்ற மதுக்கடைத் தெருப் பக்கம் போனால் கேட்கிற விதம் வேறு. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரும் பெண், சில நேரம் அவளே சிறுமி, பணம் வேண்டாம், குழந்தைக்குப் பால் பவுடர் வாங்கித் தாருங்கள் என்பாள். பணம் கேட்காததால் நமக்குச் சந்தேகமே வராது. அவளே பக்கத்துக் கடைக்குக் கூட்டிப்போவாள். விலை அதிகமான டின் ஒன்றை எடுப்பாள். நாம் போன பிறகு அந்த டின் பிரிக்காமலே கடைக்குத் திரும்பும், பணம் பங்கு பிரியும். பல வருடங்களாக நடப்பது இது. இதைக் கேட்டதும் எங்கள் குழுவில் சிலர் "ஏமாத்துக்காரங்க" என்று கோபப்பட்டார்கள். எனக்கு அந்தக் கோபம் வரவில்லை. இரவு பத்து மணிக்கு, காதைப் பிளக்கும் பாட்டுச் சத்தத்துக்கு நடுவே, கைக்குழந்தை தெருவில் இருந்தால்தான் அந்த டின் கிடைக்கும். எனக்கு அதுதான் தாங்கவில்லை. நாம் வாங்கிக் கொடுக்கக் கொடுக்க அந்தக் குழந்தை தினமும் அங்கேயே இருக்கும்.

டோன்லே சாப் ஏரியில் மிதக்கும் கிராமம் பார்க்கப் படகில் கூட்டிப்போவார்கள். அலுமினிய அண்டாவில் உட்கார்ந்து துடுப்புப் போட்டு வரும் குழந்தை, கழுத்தில் மலைப்பாம்பு, போட்டோ எடுத்தால் ஒரு டாலர். சில படகுக்காரர்கள் நடுவழியில் ஒரு கடையில் நிறுத்தி, அநாதைக் குழந்தைகளுக்கு அரிசி மூட்டை வாங்கிக் கொடுங்கள் என்று ஊர் விலையை விடப் பல மடங்கு கேட்பார்கள். அங்கே வாழும் பலர் வியட்நாமிய வம்சாவளியினர். தலைமுறைகளாக அந்த ஏரியிலேயே இருந்தும் குடியுரிமைக் காகிதம் இல்லாதவர்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் சேர்வதே கஷ்டம், நிலம் வாங்க முடியாது. ஒரு டாலரோ ஒரு மூட்டை அரிசியோ இந்தச் சிக்கலின் ஓரத்தைக்கூடத் தொடாது. அந்தப் படகில் நான் ஏறாமல் இருந்திருக்கலாம் என்ற எண்ணம் அங்கேயே வந்தது, ஊர் திரும்பிய பின்னும் அது மனதை விட்டுப் போகவில்லை.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிய கவலை தந்தது, எங்கள் பயணத் திட்டத்திலேயே அச்சடித்து வந்திருந்த "அநாதை இல்ல விசிட்". இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழர்கள் சுலபமாகப் போய் நிற்கும் இடம் இது. பிறந்தநாள், திதி, கல்யாண நாள் என்றால் ஆசிரமத்தில் ஒரு வேளை சாப்பாடு போடுவது நம் வழக்கம். அந்த மனதோடுதான் நோட்டு, பென்சில், மிட்டாய் எல்லாம் வாங்கிக்கொண்டு அங்கேயும் போகிறோம்.

1975 முதல் 1979 வரை போல் பாட்டின் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் பதினைந்து லட்சத்துக்கும் அதிகமானோர் செத்துப்போன நாடு அது. பெற்றோரை இழந்த குழந்தைகள் நிறைய இருந்த காலம் உண்மையிலேயே இருந்தது. ஆனால் அந்தத் தலைமுறை வளர்ந்து பெரியவர்கள் ஆகிவிட்டார்கள். அதற்கு அப்புறம், 2005க்கும் 2010க்கும் இடையில், கம்போடியாவில் அநாதை இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது என்று ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யூனிசெஃப் சொன்னது. போர் இல்லாத அந்த வருடங்களில் சுற்றுலாதான் பெருகியது. அந்த இல்லங்களில் இருந்த குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருந்தார்கள். சோறும் படிப்பும் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் கிராமத்திலிருந்து அனுப்பப்பட்ட பிள்ளைகள். சில இல்லங்களில் மாலையானால் பார்வையாளர்களுக்கு முன்னால் நடனம் ஆட வேண்டும், பப் ஸ்ட்ரீட்டில் நின்று நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இல்லத்தில் குழந்தை நிறைந்திருந்தால்தான் நன்கொடை வரும். வசதி குறைவாகத் தெரிந்தால் இன்னும் அதிகமாக வரும்.

எங்கள் குழுவில் போய் வந்தவர்கள் கண் கலங்கி வந்தார்கள். குழந்தைகள் ஓடி வந்து கட்டிக்கொண்டன, மடியில் உட்கார்ந்துகொண்டன, விடவே மாட்டேன் என்றன என்றார்கள். முன்பின் தெரியாத ஒருவரின் மடியில் உடனே ஏறி உட்காரும் குழந்தையைப் பார்த்து நாம் நெகிழ்கிறோம். நம் வீட்டுப் பிள்ளை அப்படிச் செய்தால் பதறுவோம். நேற்று ஒரு பஸ், இன்று ஒரு பஸ், நாளை ஒரு பஸ். ஒவ்வொரு பஸ்ஸிலிருந்தும் இறங்கி வருபவர்கள் அணைத்துக்கொள்கிறார்கள், ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறார்கள். அதில் வளரும் குழந்தையின் மனது என்னவாகும்? யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்றால் தவறான ஆளும் வரலாம் என்பது இன்னும் பெரிய பயம்.

2011இல் ஃப்ரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு யூனிசெஃப் ஆதரவோடு ஒரு பிரசாரம் நடத்தியது. சுற்றுலாப் பயணிகள் கேமராவோடு நிற்கிறார்கள், கண்ணாடிக் கூண்டுக்குள் குழந்தைகள். குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள் அல்ல என்று அந்தப் போஸ்டர் சொன்னது. பின்னால் கம்போடிய அரசே, இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் 30 சதவீதம் பேரைக் குடும்பத்தோடு சேர்ப்பது என்று இலக்கு வைத்தது. 2018இல் ஆஸ்திரேலியா, இல்லங்களுக்காகக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுவருவதை நவீன அடிமைமுறையாக ஏற்றுக்கொண்ட முதல் நாடு ஆனது. அங்கிருந்து நிறையத் தன்னார்வலர்கள் கம்போடியா போவார்கள் என்பதால் அவர்கள் இதை யோசித்தார்கள். நம்மூரிலிருந்தும் இப்போது நிறையப் பேர் போகிறோம்.

ஒரு குடும்பம் பிள்ளையை அனுப்பிவிடும் நிலைக்கு ஏன் வருகிறது என்று கேட்டால், கடன் பெரிய காரணம். 2019 வாக்கில் கம்போடியாவில் 20 லட்சத்துக்கும் அதிகமானோர் நுண்கடன் வாங்கியிருந்தார்கள். பலர் நிலப் பட்டாவை அடகு வைத்து வாங்கியது. தவணை தவறும்போது நிலத்தை விற்பதும் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வேலைக்கு அனுப்புவதும் நடப்பதை லிகாடோ என்ற அங்குள்ள மனித உரிமை அமைப்பு 2019இல் ஆவணப்படுத்தியது. வாராவாரம் குழுத் தவணை கட்டும் பெண்களை நம் ஊர்த் தெருக்களில் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதோடு 2022 முதல் அங்கோர் வளாகத்துக்குள் வாழ்ந்த சுமார் 10,000 குடும்பங்களை ருன் தா எக் என்ற இடத்துக்கு மாற்றும் வேலையும் நடந்தது. தாமாக முன்வந்து போனார்கள் என்கிறது அரசு. அது கட்டாய வெளியேற்றம் என்றது அம்னெஸ்டி என்ற சர்வதேச மனித உரிமை அமைப்பு. எப்படி இருந்தாலும், கோயில் வாசலில் நூடுல்ஸும் துண்டும் விற்று வாழ்ந்த பெண் அங்கிருந்து தூரத்துக்குப் போனால் வருமானம் போய்விடும்.

எல்லைக்கு அந்தப் பக்கம், தாய்லாந்தில், இன்னும் மோசம். பாங்காக் நடைமேம்பாலங்களில் கையேந்தும் குழந்தைகளில் சிலர் கம்போடியாவிலிருந்து பொய்பெட் எல்லை வழியாகக் கொண்டுவரப்பட்டவர்கள். அவர்கள் கையில் விழும் காசு அவர்களுக்குப் போய்ச் சேர்வதில்லை.

பெரியம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "அப்ப அந்தப் புள்ளைக்கு இன்னைக்குப் பசிச்சா?"

இதற்குச் சாமர்த்தியமான பதில் கிடையாது. பசித்த குழந்தைக்கு யாரும் பொருளாதாரம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. நிஜமாகவே ஆபத்தில் இருக்கும் குழந்தை என்று தோன்றினால், அதே ஃப்ரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் நடத்தும் சைல்ட்சேஃப் இயக்கத்தின் உதவி எண் இருக்கிறது. கெமர் மொழி பேசும் சமூகப் பணியாளர்கள் வந்து பார்ப்பார்கள். ஓட்டல் வரவேற்பில் கேட்டாலே எண்ணைத் தருவார்கள். அழைத்துவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நிற்கலாம். மற்ற நேரத்தில், அந்தக் குழந்தையைப் பார்க்காதது போல நடந்து போகக் கூடாது என்றுதான் நான் நினைக்கிறேன். நின்று, முகத்தைப் பார்த்து, சிரித்து, "ஓகுன்" என்று அவர்கள் மொழியில் நன்றி சொல்லி, வேண்டாம் என்று சொல்லலாம். எங்கே உன் அம்மா என்று கேட்கலாம். பல நேரம் அம்மா நாலு கடை தள்ளித்தான் இருப்பார்.

தா புரோமில் அப்படித்தான் ஆனது. கூடைக்காரச் சிறுமி எங்களை ஒரு பழக்கடைக்குக் கூட்டிப்போனாள். பெரியம்மா அந்த அம்மாவிடம் சொன்ன விலைக்கு மாம்பழமும் இரண்டு துண்டும் வாங்கினார். அவர் மொழி இவருக்குத் தெரியாது, இவர் மொழி அவருக்குத் தெரியாது, ஆனாலும் கால் மணி நேரம் பேசினார்கள். நாங்கள் எழுந்து போகும்போது அந்தச் சிறுமி அடுத்த பஸ்ஸிடம் "பத்து கார்டு ஒரு டாலர்" என்று ஓடிக்கொண்டிருந்தாள். நாங்கள் வாங்கிய மாம்பழத்தால் அன்றைக்கே எதுவும் மாறிவிடவில்லை.

எங்கள் ஊரிலும் ஒரு காலத்தில் பனியன் கம்பெனிகளில் சின்னப் பிள்ளைகள் கைமடி என்ற எடுபிடி வேலை பார்த்தார்கள். அது குறைந்ததற்குச் சட்டம் ஒரு காரணம், துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளின் ஆய்வு ஒரு காரணம். பெரியவர்களுக்கு நிலையான வேலையும் பள்ளியில் சத்துணவும் கிடைத்தது அவற்றை விடப் பெரிய காரணம் என்பது நான் கண்ணால் பார்த்தது. சியெம் ரீப் மாகாணத்துப் பள்ளிகளிலும் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்தின் உதவியோடு காலையில் சாப்பாடு போடுகிறார்கள். காய்கறியும் அரிசியும் பக்கத்து விவசாயிகளிடமிருந்தே வருகின்றன. இதைக் கேட்டபோது எனக்கு மனம் நிறைந்தது.

கொடுக்க நினைப்பவர்களுக்கு அங்கே வழியும் உண்டு. அங்கோர் நுழைவுச்சீட்டு ஒரு நாளைக்கு 37 டாலர். அதில் 2 டாலர் காந்தா போபா குழந்தைகள் மருத்துவமனைகளுக்குப் போகிறது. பேயாட் ரிக்னர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர் 1992இல் தலைநகர் புனோம் பென்னில் மீண்டும் தொடங்கியது. 1999இல் சியெம் ரீப்பிலும் ஒன்றைத் திறந்தார். சனிக்கிழமைகளில் செல்லோ வாசித்து, கேட்க வந்த சுற்றுலாப் பயணிகளிடம் நிதி திரட்டினார். 2018இல் காலமானார். சிகிச்சை முழுக்க இலவசம். சியெம் ரீப் மருத்துவமனைக்கு ஏழாம் ஜெயவர்மன் பெயர். தன் நாட்டில் 102 மருத்துவமனைகள் இருந்ததாகத் தா புரோம் கல்வெட்டில் சொன்ன அரசன் அவன். அந்த மருத்துவமனை கோயிலுக்குப் போகிற வழியிலேயே இருக்கிறது, நன்கொடை கொடுக்கலாம், ரத்தமும் கொடுக்கலாம். மாரும் என்ற உணவகத்தில் தெருவில் வளர்ந்த இளைஞர்களுக்குச் சமையலும் பரிமாறலும் கற்றுத் தருகிறார்கள். சாப்பாடும் நன்றாக இருக்கும், சைவமும் கிடைக்கும்.

ஊருக்கு வந்ததும் எங்கள் டிராவல்ஸ்காரரிடம் பேசினேன். அநாதை இல்ல விசிட்டை எடுத்துவிடுங்கள் என்றேன். "கஸ்டமர்ஸே விரும்பிக் கேக்கறாங்க மேடம்" என்றார். நானும் கஸ்டமர்தான், நான் கேட்கவில்லை, இன்னும் பதினைந்து பேரிடம் எழுதி வாங்கித் தருகிறேன் என்றேன். குழுவில் கண் கலங்கி வந்தவர்களிடமே ஒவ்வொருவராகப் பேசினேன். இரண்டு பேர் வருத்தப்பட்டார்கள், மற்றவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த பயணத்துக்கான நோட்டீஸில் அந்த விசிட் இல்லை. அந்த நேரத்தில் பயிற்சி உணவகத்தில் மதியச் சாப்பாடு என்று போட்டிருக்கிறார். ஏரிப் படகுப் பயணம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. அதைப் பற்றிப் பேச இந்த வாரம் மறுபடியும் போகிறேன், பெரியம்மாவும் வருகிறேன் என்றிருக்கிறார்.